கலைச்சொல் இழை: ‘மாறாக் குவிய வில்லை’க்கு மாற்று வேண்டும்

க., மதுரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய அளவுப் பிலிமில் படமெடுக்கும் பெருவடிவக் கேமராப் பயிற்சிக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஓர் இயல் முழுக்க ஒரே கேள்வி: 4×5 அங்குலக் கேமரா வாங்குகிறவர் முதலில் எந்த லென்ஸை வாங்குவது? கடைகளில் ஸ்டாண்டர்டு பிரைம் (பிரைம் என்றால் குவியத்தொலைவு மாறாத லென்ஸ்) என்றும் நார்மல் என்றும் சொல்கிறார்களே, அதற்கு ‘மாறாக் குவிய வில்லை’ என்று போட்டிருந்தோம். மெய்ப்பில் எல்லா இடத்திலும் அது ‘மாறாக் குவியவில்லை’ என்று சேர்ந்து வந்திருக்கிறது. அச்சுக்கோப்பவர் மேல் தவறில்லை. அதே பக்கத்தில் ‘கண்ணாடியில் உருவம் குவியவில்லை என்றால் துருத்தியை நீட்டிப் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? நல்ல சொல் சொல்லுங்கள்.

செ., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

வில்லை என்ற சொல்லில் குற்றமில்லை. குவியம் என்ற பெயர் மகரம் கெட்டுக் ‘குவிய’ என நின்றதும், பார்ப்பவர் கண்ணுக்குச் செயவென் எச்சம் ஆகிவிடுகிறது. பின்னால் வில்லை வந்தால் எதிர்மறை வினைமுற்றாகத்தான் படிப்பார்கள். வினைத்தொகை ஆக்கிவிட்டால் சிக்கல் தீரும்: நிலைக்குவி வில்லை.

வில்லையைக் கைவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வில் என்றால் வளைவது. ஒளி என்ற பொருளும் அதற்கு உண்டு. வளைந்து ஒளியைத் திருப்பும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? லென்ஸ் பின்னால் வீழ்த்தும் ஒளிவட்டத்துக்கும் கையேட்டில் ஒரு பெயர் வேண்டியிருக்குமே. நிலவைச் சூழும் வட்டத்துக்கு ஊர்கோள் என்று பழம்பெயர் உண்டு. பரிசீலிக்கவும்.

ஞா., யாழ்ப்பாணம்

வணக்கம். நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே வில்லை என்றுதான் படித்தோம்: குவிவு வில்லை, குழிவு வில்லை. ஒருவருக்கும் இடர்ப்பாடு வந்ததில்லை. ஸ்டாண்டர்டு என்பதற்கும் எங்களிடம் சொல் இருக்கிறது. நீங்கள் திட்ட விலக்கம் என்பதை நாங்கள் நியம விலகல் என்கிறோம். ஆகவே நியம வில்லை. ‘நியம’ எந்த வினையின் எச்சமுமில்லை, செ. ஐயா சொன்ன மயக்கம் இங்கே வராது.

பா., கோவை

நியமம் வடசொல். செந்தரம் என்று தூய சொல் இருக்கும்போது இரவல் எதற்கு? செந்தர வில்லை.

ஞா., யாழ்ப்பாணம்

பா. அவர்களுக்கு: மதுரைக்காஞ்சி கூடல் நகரின் இரண்டு பெரிய அங்காடிகளை நியமம் என்றுதான் சொல்கிறது. அவை ஓவியம் போல் இருந்தன என்றும் சொல்கிறது. படம் எடுக்கும் கருவிக்கு அந்தச் சொல் வந்து சேர்வதில் எனக்கு மகிழ்ச்சியே.

செ., தஞ்சாவூர்

அந்த நியமம் அங்காடியைக் குறிப்பது. விதியைக் குறிக்கும் நியமத்துக்கும் அதற்கும் உறவு உண்டா என்பது தனி ஆராய்ச்சி. எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்துக் குடிவழி காட்ட முடியாது.

ர., சென்னை

நண்பர்களே, பொருளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

முதலில் பிரைம் என்ற சொல்லைத் தூக்கிவிடுங்கள். பெருவடிவத்தில் நாம் கையாளுபவை எல்லாமே ஒற்றைக் குவியத்தொலைவு லென்ஸ்கள்தான். ‘மாறா’ என்று சொல்லி எதிலிருந்து பிரித்துக்காட்டப் போகிறோம்? ஷ்னைடர் நிறுவனத்தின் பழைய சிம்மர் 150 மி.மீ. லென்ஸில் முன்பாதியைக் கழற்றிவிட்டால் பின்பாதி மட்டும் எஃப்/12 துளையளவில் 265 மி.மீ. லென்ஸாக வேலை செய்யும். அதை மாறாதது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஸ்டாண்டர்டு என்ற சொல்லையும் அப்படியே வைக்க முடியாது. இந்தக் கேமராவில் லென்ஸைத் தாங்கும் முன்சட்டத்துக்கும் கண்ணாடியைத் தாங்கும் பின்சட்டத்துக்கும் அதே பெயர்தான். ‘ஸ்டாண்டர்டை உயர்த்தவும்’ என்றால் மாணவர் எதை உயர்த்துவார்?

எது இயல்பு என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. 4×5 பிலிமில் படம் விழும் பரப்பு ஏறத்தாழ 95×120 மி.மீ.; மூலைவிட்டம் 153. குவியத்தொலைவு மூலைவிட்டத்தை ஒட்டி இருந்தால் இயல்பு; அதனால் 150 மி.மீ. இயல்பு என்பது பாடம். ஆனால் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவுக்கு 50 மி.மீ. போட்டார்கள். அதன் படப்பரப்பின் மூலைவிட்டம் 43 சொச்சம்தான். அந்த விகிதத்தை இங்கே வைத்தால் 177 வரும். 180 லென்ஸ்தான் இயல்பு என்று சொல்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முகப்படம் எடுப்பவர்களில் 210-ஐயே முதல் லென்ஸாக வாங்குகிறவர்களும் உண்டு.

மாணவருக்கு இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கோபுரம் எடுக்கப் போகிறார் என்று வையுங்கள். கோபுரம் தன்னளவிலேயே மேலே ஒடுங்குவது. கேமராவை அண்ணாத்தினால் இன்னும் ஒடுங்கிப் பின்னால் சாயும். கேமராவை மட்டமாக வைத்து முன்சட்டத்தை மட்டும் உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை லென்ஸ் வீழ்த்தும் வட்டம் முடிவு செய்கிறது. சிம்மர்-எஸ் 150 எஃப்/22-இல் 210 மி.மீ. வட்டம் தரும், நெடுக்குவாட்டில் எடுத்தால் 33 மி.மீ. வரை உயர்த்தலாம். ரோடன்ஸ்டாக்கின் அபோ-சிரோனார்-எஸ் 150 தருவது 231; அதில் 45 மி.மீ. வரை போகலாம். இரண்டும் 150, இரண்டும் எஃப்/5.6. தேரடியிலிருந்து ஏழுநிலைக் கோபுரம் எடுக்கும்போது கலசம் படத்துக்குள் வருமா வராதா என்பது அந்த 12 மி.மீ.-இல் இருக்கலாம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது இதைச் சோதிக்க வழி உண்டு. பின்சட்டத்தில் உருவம் விழும் மங்கல் கண்ணாடியின் நான்கு முனைகளையும் சிறிது வெட்டியிருப்பார்கள். படம் எடுக்கும் எஃப் எண்ணுக்குத் துளையைக் குறுக்கி, சட்டத்தை உயர்த்திவிட்டு, அந்த வெட்டு வழியே லென்ஸைப் பாருங்கள். துளை முழு உருவில் தெரிந்தால் மூலைக்கு ஒளி போகிறது. வாதுமைப் பருப்பு போல ஒடுங்கித் தெரிந்தால் அந்த மூலை இருண்டுவிடும். நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும்.

ஆகவே குவியத்தொலைவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரி, இந்த வட்டத்துக்குத் தெளிவான பெயர் வேண்டும். ஊர்கோள் அழகான சொல்தான், ஆனால் மாணவருக்குப் புரியாது. படவட்டம் என்போம்.

பா., கோவை

ர. ‘பிலிம்’ என்று எழுதியிருக்கிறார். படச்சுருள் என்று இருக்கிறதே?

ர., சென்னை

4×5-இல் சுருள் கிடையாதே! ஒவ்வொன்றும் தனித்தனித் தாள். இருட்டில் ஓரத்து வெட்டுக்குறியை விரலால் தடவி அறிந்து சட்டகத்தில் செருகுவது. தாளைச் சுருள் என்று எழுத என்னால் ஆகாது.

செ., தஞ்சாவூர்

படலம் என்கலாம். மெல்லிய தோல் போலப் படர்வது படலம். கண்ணில் படர்வதும் அதுவே. காப்பியங்களின் உட்பிரிவுக்கும் அதுதான் பெயர் என்பதால் இருபதாம் படலத்தை எடுத்தேன் என்றால்…

மீ., திருச்சி

ஐயா, மன்னிக்க வேண்டும். படலத்துக்குத் தனி இழை தொடங்கலாம். க. அண்ணனுக்கு வியாழன்தான் கெடு.

நான் வகுப்பெடுப்பவள். கையேட்டைப் படித்துவிட்டு என் பிள்ளைகள் பழைய லென்ஸ் விற்பவரிடம் தொலைபேசியில் பேசுவார்கள். அவர் காதில் விழ வேண்டியது லென்ஸ் என்ற சொல். வில்லை என்றால் இங்கே மாத்திரையும் சந்தனமும்தான் நினைவுக்கு வரும். ‘இயல்’ என்று முன்னொட்டுப் போட்டாலும் ‘இயலவில்லை’ என்று காதில் விழுகிறது. ‘இயல்பு லென்ஸ்’ என்று வைப்போம். முதல் முறை வரும்போது ‘நார்மல் லென்ஸ் என்று கடையில் கேட்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பா., கோவை

இயல்பு தமிழ், லென்ஸ் ஆங்கிலம், முடிவில் கிரந்த ஸ். இப்படி ஒவ்வொரு கெடுவுக்கும் ஒவ்வொரு சொல்லை விட்டுக்கொடுத்தால் எஞ்சுவது வேற்றுமை உருபு மட்டும்தான். குறைந்தது லென்சு என்றாவது எழுதுங்கள். பள்ளிப் பாடநூலிலேயே குவிலென்சு இருக்கிறது.

மீ., திருச்சி

லென்சு எனக்குச் சம்மதம்.

ர., சென்னை

எனக்கும். 150 என்ற எண்ணைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். படவட்டத்துக்குத் தனிப் பத்தியும் வேண்டும்.

செ., தஞ்சாவூர்

நிலைக்குவியை வற்புறுத்தவில்லை. படவட்டம் நல்ல சொல். இயல்பு லென்சில் இலக்கணப் பிழை இல்லை என்ற அளவில் உடன்படுகிறேன்.

க., மதுரை

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ‘இயல்பு லென்சு (4×5-க்கு 150 மி.மீ., சிலர் 180)’ என்று போகிறது. பிரைம் நீங்கியது. படவட்டம் ஏற்கப்பட்டது. மூலைவெட்டுச் சோதனையை ர. எழுதியபடியே படத்துடன் சேர்க்கிறேன். பிலிம் இப்போதைக்குப் பிலிம்.

ஞா., யாழ்ப்பாணம்

பெரும்பான்மைக்கு எதிர்நிற்கவில்லை; ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை நினைவுக்கு வருகிறது என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. இங்கே பிள்ளைகள் வில்லை என்ற சொல்லோடுதான் ஒளியியலைப் படிக்கிறார்கள். இந்தக் கையேட்டை இங்கே பயன்படுத்தும்போது நியம வில்லை என்றே மாற்றிக்கொள்வோம். அனுமதி தாருங்கள், க. படவட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.