தனியாக ஏசி டெஸ்ட் செய்யும்போது 1500 ஆர்பிஎம்மில் இன்ஜினை நிலையாக ஓட வைப்பது எப்படி?

திங்கள்சந்தை வண்டி:
வணக்கம். வீட்டை ஒட்டி சின்ன ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். ஏசி வேலை தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது, உதவிக்கு ஆள் கிடையாது. ஏசி கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி 1500 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1500 சுற்று) பார்க்க வேண்டும். பெடலில் காலும் கேஜில் கண்ணும் ஒரே நேரத்தில் எப்படி வைப்பது?

போன சனிக்கிழமை கேபிள் ஆக்ஸிலரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் கார் ஒன்று வந்தது. அரைச் செங்கலைத் தோர்த்தில் (துண்டில்) சுற்றிப் பெடல் மேல் வைத்தேன். ஐந்து நிமிஷம் முள் 1500-ஐ விட்டு அசையவில்லை. பிறகு ஏசி கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்'கென்று விட்டது. இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறியது. அந்த அதிர்ச்சியில் செங்கல் இன்னும் கீழே சரிந்து பெடலுக்கும் கால்மிதிக்கும் நடுவில் இறுகிவிட்டது. ஓடிப்போய் சாவியைத் திருப்பும்போது 4000. எட்டு வயது மகள் பம்பர் முன்னால் நின்று பேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகரவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

குளச்சல் ஏசி:
மக்களே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். இனி அந்தச் செங்கலைத் தொடாதே.

நடந்தது இதுதான். கம்ப்ரசர் பிடித்திருக்கும்போது இன்ஜினுக்கு அது ஒரு சுமை. கிளட்ச் விட்டதும் சுமை போய்விடும், பெடல் மட்டும் அதே அளவு அமுங்கிக் கிடக்கும். அப்போது ஆர்பிஎம் ஏறத்தான் செய்யும். மனுஷன் கால் என்றால் சத்தம் மாறியதும் தானாகவே தளரும். அதனால் என் கடையில் சீட்டில் ஆள் இல்லாமல் ரேஸ் கொடுக்கவே மாட்டோம். வண்டி கொண்டுவந்தவரையே உட்கார வைத்து, "முள் 1500-ல நிக்கட்டும், நான் கை காட்டினா காலை எடுங்க" என்று சொல்லிவிடு. கியர் நியூட்ரல், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஆள் வருமுன்பே பார்க்க நிறைய உண்டு. இன்ஜின் ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் உள்ள வண்டியில் கேஜின் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். 30 டிகிரி வெயிலுக்கு சுமார் 95 பிஎஸ்ஐ. அதைவிட ரொம்பக் குறைவென்றால் ரேஸே வேண்டாம், முதலில் லீக்கைத் தேடு. இன்னொன்று, கேஸ் கேன் மாட்டியிருக்கும்போது கம்ப்ரசர் ஓடினால் கேஜின் சிவப்பு வால்வை, அதாவது ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) வால்வைத் திறக்கவே கூடாது. கேன் வெடிக்கும்.

ஆரல்வாய்மொழி டீசல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கிளட்ச் அடிக்கடி விடாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். கதவு நான்கையும் திற, புளோயரை முழுசாக வை, குளிரையும் முழுசாக வை. உள்ளே சூடு வந்துகொண்டே இருப்பதால் கம்ப்ரசர் விடாமல் ஓடும், ஆர்பிஎம்மும் நிலையாக நிற்கும்.

சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் வைத்துத் திருகுகிற கம்பி கடைகளில் கிடைக்கிறது. செங்கல் மாதிரி சரியாது. ஆனால் கிளட்ச் விட்டால் அதிலும் ஆர்பிஎம் ஏறும். அதனால் கை சாவிக்கு எட்டும் தூரத்தில் நின்று கேஜைப் பார்க்க முடிந்தால் மட்டும் பயன்படுத்து. கேபிள் இல்லாத புது வண்டிகளில் திராட்டில் தட்டை (இன்ஜினுக்குக் காற்று விடும் மூடியை) விரலால் தள்ளாதே, உள்ளே பல்சக்கரம் போய்விடும். சில வண்டிகளில் ஸ்கேனரிலேயே ஐட்லிங்கை (பெடலைத் தொடாதபோது ஓடும் வேகத்தை) உயர்த்தி நிறுத்தலாம், அது இருந்தால் நல்லது.

எங்கள் ஊர்க் காற்றில் வண்டி முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தினால் ஹை சைடு குறைத்துக் காட்டும். காற்று படாத இடத்தில் பாருங்கள்.

தக்கலை பெட்ரோல்:
மழை வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்க்கிறவர்களை நேரில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். தோர்த்து தோளிலும் கிடக்க வேண்டாம், பெல்ட் இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் பேன் சொல்லாமல் சுற்றும்.

திங்கள்சந்தை வண்டி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மச்சானைச் சீட்டில் உட்கார வைத்தேன். கட்டை போட்டு, கதவு திறந்து, மகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத் தொடங்கினேன். 1500-ல் நிலையாக நின்றது. லோ சைடு (அழுத்தம் குறைந்த பக்கம்) 45, ஹை சைடு மெல்ல ஏறி 300-ஐத் தாண்டியது. கையைக் காட்டியதும் மச்சான் காலை எடுத்தார். வீட்டு டேபிள் பேனைக் கிரில் முன்னால் வைத்து மறுபடி பார்த்தோம், 230-ல் நின்றது, லோ சைடு 36. கேஸில் குறையே இல்லை. கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரின் பேன் மோட்டார்தான் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அன்றைக்குச் செங்கலை வைத்துக்கொண்டு கேஸ் குறைவு என்று முடிவு செய்யப் போனேன். புது மோட்டார் நாளை வருகிறது.