போரோபுதூர் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஜூலையில் அம்மாவும் நானும் ஜாவா போகிறோம். யோக்யகர்த்தாவில் தங்கி, ஒரு நாள் முழுக்க அங்குள்ள பழைய பௌத்தக் கோயிலான போரோபுதூருக்கு ஒதுக்கியிருக்கிறேன். 504 புத்தர் சிலைகள், உச்சியில் 72 தூபிகள் எல்லாம் சரி, எனக்கு ஆசை சுவர்ச் சிற்பங்கள் மேல்தான். 2,672 பலகைகளாம்!

சிக்கல் அம்மாவின் முழங்கால். படிகளோ செங்குத்து. மேலே ஏறத் தனி டிக்கெட், கூடவே வழிகாட்டி, கல் தேயாமலிருக்க அவர்கள் தரும் பின்னல் செருப்பு வேறு. கொடுக்கிற நேரத்தில் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க முடிந்ததா, இல்லை விரட்டுகிறார்களா? டிக்கெட்டை எத்தனை நாள் முன்னால் எடுத்தீர்கள்? நான் ஏறி இறங்கும்வரை அம்மா உட்கார நிழல் கிடைக்குமா? அப்புறம், பக்கத்திலுள்ள மெண்டுட் கோயிலையும் அன்றைக்கே சேர்க்கலாமா? அங்கே மூன்று மீட்டர் உயரப் புத்தரை அம்மாவே நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு.