நாலாம் வகுப்பு: ஒப்பிக்கிறார்கள், வாசிக்கவில்லை

நாலாப்பு டீச்சர்: அரசு தொடக்கப்பள்ளி. 22 பேரில் 9 பேர் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்; புது வாக்கியம் கொடுத்தால் திணறல். வீட்டில் படித்துக்காட்ட ஆளில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கரும்பலகை: தனித்தனியாகச் சோதியுங்கள் டீச்சர், ஆளுக்கு 3 நிமிடம் போதும்: எழுத்து, சொல், 4 வரிப் பத்தி, சிறுகதை. தடுக்கும் இடத்தை வைத்துக் குழு பிரியுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், ஏமாற்றிவிடும். பெரும்பாலும் சிக்கல் உயிர்மெய்க் குறிகளில்தான். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். 247 எழுத்தையும் மறுபடி ஓதவைப்பது வீண்வேலை. வாரம் ஒரு குறி எடுங்கள்: கொடி, தொடு, பொறி, மொழி என்று 10 சொல், பிறகு அவையே வரும் 3 வாக்கியம்.

மாடிப்படி: ஒரே பத்தியை 3 முறை: முதலில் நீங்கள் விரலோட்டி, அடுத்து சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. கோரஸோடு நிறுத்தினால் பின்வரிசை வாயசைத்தே தப்பிவிடும். தடுக்கினால் உடனே சொல்லிக்கொடுக்காமல் 5 எண்ணும்வரை பொறுங்கள்.

நாலாப்பு டீச்சர்: ல, ள, ழ குழப்பினால்?

கரும்பலகை: 'வாழை' படத்தைச் சரியாகக் காட்டுகிறானா பாருங்கள். காட்டினால், 'வாளை' என்று உச்சரித்தாலும் வாசிப்பை நிறுத்தாதீர்கள். அது வட்டாரப் பேச்சு. எழுத்துப்பிழையை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.