மறு: சூடானால் கிளம்பாத பைக் – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> ஓடிச் சூடேறிய பைக்கை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் அடம்பிடிக்கிறதே, அந்தக் கோளாறுக்கு 'ஆவியடைப்பு' என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், சொல்லவும் எளிது.

சொல் நல்ல சொல்தான்; பெட்ரோல் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி ஓட்டம் தடைப்படுவதை அது குறிக்கும். ஆனால் அது கோளாறின் பெயர் ஆகாது. கோளாறுக்கு இருக்கக்கூடிய பல காரணங்களில் ஒன்றின் பெயர், அதுவும் பைக்கில் அரிதாக வரும் காரணத்தின் பெயர். நாம் எழுதுகிற பழுதுபார்க்கும் கையேட்டில் இதைத் தலைப்பாகப் போட்டால் படிக்கிறவர் பெட்ரோல் குழாயையே நோண்டிக்கொண்டிருப்பார். பழுதோ, ப்ளக்கில் பொறி உண்டாக மின்சாரம் தரும் காயிலில் இருக்கும். காரணம் என்னவென்று பார்ப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுகிற பெயரை நாம் வைக்கக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. அதனால் பெயருக்குப் போவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது. எஞ்சின் ஆயில் சுற்றிச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்ப்பரேட்டரை, உள்ளே வரும் புதுக் காற்றும் பெட்ரோலும் குளிர்வித்தபடி இருக்கின்றன. சாவியைத் திருப்பி அணைத்ததும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். சிலிண்டர் ஹெட்டில் சேர்ந்த சூடு மட்டும் நிற்காமல் பக்கத்தில் இருக்கிற கார்ப்பரேட்டர், வயர், காயில் என்று பரவும். அதாவது எஞ்சின் ஆறத் தொடங்குகிற அதே வேளையில் கார்ப்பரேட்டர் சூடேறிக்கொண்டிருக்கும்! அணைத்த கையோடு மறுபடி கிளப்பினால் வண்டி கிளம்பிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மக்கர் பண்ணும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். எப்போது கிளம்பவில்லை என்கிற இந்தக் கணக்குதான் பழுது பார்ப்பவருக்கு முதல் துப்பு.

அணைத்த பின் பரவி ஏறுகிற இந்தச் சூட்டுக்குத் தமிழில் பெயரே இல்லை. பெயர் இல்லாததால்தான் 'எஞ்சின் ரொம்பச் சூடாகுது' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது வேறு, இது வேறு. முழு ஆரோக்கியமான எஞ்சினிலும் இது நடக்கும். 'வெப்ப ஊறல்' என்று முந்தைய மடலில் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதில் எனக்கு மனக்குறை உண்டு. ஊறல் என்றதும் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது. எப்போது நடக்கிறது என்பதும் அந்தச் சொல்லில் இல்லை. நான் முன்வைப்பது 'பின்சூடு'. முன்பனி, பின்பனி என்று பருவத்தைப் பிரித்துச் சொல்லிப் பழகிய மொழி இது. 'பின்' சேர்ந்ததும் காலம் தானாக வந்துவிடுகிறது. 'பின்சூட்டால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துவிட்டது' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

கொதிப்பதா என்று கேட்கலாம். உண்மையாகவே கொதிக்கும். பெட்ரோல் தனிப் பொருள் கிடையாது, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. தண்ணீரைப் போல ஒரே வெப்பநிலையில் கொதிக்காமல், லேசான பகுதிகள் ஏறத்தாழ 35–40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். 10 சதவீத அளவுக்கு எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவியழுத்தம் இன்னும் கூடும், அதாவது இன்னும் எளிதில் ஆவியாகும். எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும் கலந்த பிறகு அதன் நடத்தை வேறு.

கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்தால் என்ன ஆகும்? குமிழிகள் ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு மேலேறி எஞ்சினுக்குள் போகும் பாதையில் கொட்டும். கலவையில் பெட்ரோல் மிகுந்து ப்ளக் நனைந்துவிடும். ப்ளக்கைக் கழற்றினால் நுனி ஈரமாகப் பளபளக்கும், மூக்கில் பெட்ரோல் வாடை அடிக்கும். இப்போது 'ஆவியடைப்பு' என்ற பெயரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அடைப்பு என்றால் பெட்ரோல் வராமல் போவது. இங்கே நடப்பது பெட்ரோல் கூடிப்போவது. இரண்டுக்கும் வைத்தியமும் நேர் எதிர். பெட்ரோல் கூடிப்போன வண்டியில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் நிலைமை மோசமாகும். சோக்கை முழுக்க விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தால் காற்று நிறையப் போய், தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பெயரை நம்பி 'பெட்ரோல் வரவில்லை போல' என்று சோக்கைப் போடுகிறவர் பேட்டரியையும் தீர்த்துவிடுவார்.

உண்மையான ஆவியடைப்பு குழாயில் நடப்பது. எஞ்சினோடு சேர்ந்திருக்கும் பம்ப் தூரத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிற பழைய கார்களில் அதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. கார்ப்பரேட்டர் பைக்குகளில் பெரும்பாலும் டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்குகிறது, குழாயில் குமிழி வந்தாலும் மேலேறி டேங்குக்கே போய்விட வழி உண்டு. கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் தெளிக்கும் இன்ஜெக்டர் வண்டிகளிலோ பம்ப் பொதுவாக டேங்குக்குள் இருக்கிறது, குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்கிறது; அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். குழாய் எஞ்சினில் உரசிக்கொண்டு போகிற வண்டியில் வேண்டுமானால் பார்க்கலாம். ஆகவே 'ஆவியடைப்பு' அகராதியில் இருக்கட்டும், அதற்குரிய பொருளில்.

அதைப் போலவே வேடம் போடுகிற இன்னொன்றும் உண்டு. டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் நின்றுவிடும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் இது தெரியும் என்பதால் சூட்டின்மேல் பழி விழும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால் விஷயம் அவ்வளவுதான்.

இனி மின்சாரப் பக்கம். பெட்ரோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது விட்டுப்போகும்; பல வண்டிகளில் பழுது இங்கேதான். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும்; 60 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே மயிரிழை விரிசல் விழுந்த காயில், சூட்டில் கம்பி விரியும்போது தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். எப்போது பொறி விட வேண்டும் என்று துடிப்பு அனுப்பும் பிக்கப் காயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அது தரும் துடிப்பு வலுவாக இருக்கும், உதைக்கும் வேகத்தில் மெலிதாக இருக்கும். அதனால் ஓடும்போது தெரியாத பலவீனம் கிளப்பும்போதுதான் வெளிப்படும்.

நான் அருகில் இருந்து பார்த்த ஒரு வண்டியில் கார்ப்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பியது, ஒவ்வொரு முறையும் பழுது திரும்பி வந்தது. கழற்றி மாட்டுகிற நேரத்தில் பிக்கப் காயில் ஆறிவிடுகிறது என்பதும், குணமாக்கியது அப்படிச் சூடு ஆறியதுதான் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. சோதனையைச் சூட்டிலேயே, கிளம்ப மறுக்கிற அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். வேறொரு நல்ல ப்ளக்கை ப்ளக் வயரின் மூடியில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து உதைத்துக் கரண்ட் வருகிறதா, அதாவது பொறி பறக்கிறதா என்று பார்க்கலாம். பழைய ப்ளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். திறந்த துளைக்கு அருகில் பொறி பறந்தால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கரண்ட் இல்லையென்றால் ஈரத் துணியைப் பிழிந்து காயிலின்மேல் போட்டு ஆறவிட்டுப் பாருங்கள். கரண்ட் திரும்பினால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வு உட்காரும் சீட்டு தேய்ந்து, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடுகிற டாப்பெட் இடைவெளி குறுகியிருந்தால், சூட்டில் வால்வு நீண்டு முழுதாக உட்காராது, சிலிண்டரின் அமுக்கம் கசியும். அந்த இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், பெரும்பாலும் 0.05 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். இன்ஜெக்டர் வண்டியில் வெப்பநிலை சென்சாரைக் கவனிக்க வேண்டும். சூடேற ஏற அதன் மின்தடை குறையும். இணைப்பில் துரு ஏறி மின்தடை கூடினால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மறுபடியும் ப்ளக் நனையும்.

இத்தனை காரணத்துக்கும் பொதுவாக நிற்கும் பெயர் எது? என் பரிந்துரை 'சூட்டுத்திணறல்'. மூச்சுத்திணறல் என்றால் அது ஆஸ்துமாவா, இதயமா, இரத்தச்சோகையா என்று அந்தச் சொல் சொல்வதில்லை; நோயாளி படுகிற பாட்டை மட்டும் சொல்லிவிட்டு, காரணம் தேடுகிற வேலையை மருத்துவரிடம் விடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

> 'வெந்நிலைத் தொடக்கச் செயலிழப்பு' துல்லியமாக இருக்கிறதே ஐயா?

செயலிழப்பு என்றால் முற்றாக நின்றுபோவது. இங்கே வண்டி தாமதித்தாவது கிளம்புகிறது. வண்டியை யாரும் 'தொடங்குவதும்' இல்லை, கிளப்புகிறோம்.

> திணறல் என்றால் ஓடும்போது இழுவை குறைவதையும் குறிக்குமே?

இந்த எதிர்ப்பு நியாயமானது, இதை நான் ஏற்கிறேன். ஆகவே முழு வடிவம் 'சூட்டுக் கிளப்புத்திணறல்' என்று இருக்கட்டும். தலைப்பில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, கட்டுரைக்குள் 'சூட்டுத்திணறல்' என்று சுருக்கிக்கொள்ளலாம். ஓடும்போது வருவதற்குத் 'திக்கல்' என்ற சொல் இருக்கிறது, வண்டி ஓட்டுகிறவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குவது.

கார்ப்பரேட்டர், ப்ளக், காயில் ஆகியவற்றுக்கும் தமிழ் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பாகங்களுக்குப் பெயர் இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கிறது. நிகழ்வுகளுக்குத்தான் பெயர் இல்லை. இந்தக் கையேட்டுக்கு முதலில் அவற்றை முடித்துவிடுவோம் என்பது என் வேண்டுகோள்.

பதிவுக்கான வரைவு இது. சூட்டுத்திணறல்: ஓடிச் சூடேறிய எஞ்சின், அணைத்த சிறிது நேரத்துக்குள் மறுபடி கிளப்பும்போது எளிதில் பிடிக்காமல், ஆறிய பின் இயல்பாகக் கிளம்பும் நிலை. பின்சூடு: எஞ்சினை அணைத்த பின் அதன் சூடு அருகில் உள்ள பாகங்களுக்குப் பரவி அவற்றின் வெப்பநிலை உயர்தல். ஆவியடைப்பு: எரிபொருள் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி ஓட்டம் தடைப்படுதல்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மிகுந்து ப்ளக் நனைந்த நிலைக்கு மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்கிறார்கள். கிண்ணம் வழிந்து வெளியே ஒழுகுவதற்கும் அதே சொல்தான். இரண்டையும் பிரிக்க வேண்டும். வெளியே ஒழுகுவதை 'வழிவு' என்றும், உள்ளே நனைவதை 'மிகைநனைவு' என்றும் வைக்கலாமா? பட்டறையில் வேலை செய்கிற நண்பர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் அவர்கள் சொல்வதையே ஏற்றுக்கொள்ள விரும்புகிறேன்.