மறுமொழி: நிப் அகலமா, முனைப் பருமனா?

வணக்கம் நண்பர்களே, ஊற்றுப் பேனாவின் நிப் அளவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘நிப் அகலம்’ என்றே வைத்துக்கொள்வோமே, யாருக்குத்தான் புரியாது?

கடைக்காரருக்குப் புரியாது ஐயா. நிப்புக்கு இரண்டு அளவு உண்டு. 5ஆம் எண், 6ஆம் எண் என்று மாற்று நிப் வாங்கும்போது சொல்வோமே, அது உடம்பளவு. எந்தப் பேனாவின் கழுத்தில் பொருந்தும் என்பதற்கானது. எஃப் (ஃபைன், மெலிந்தது), எம் (மீடியம், நடுத்தரம்), பி (பிராட், தடித்தது) என்று மேலே பொறித்திருப்பது வேறு. அது நுனியில் பற்றவைத்திருக்கும் உலோகப் பொட்டின் அளவு. 6ஆம் எண் நிப் எஃப்பாகவும் இருக்கும், பியாகவும் இருக்கும். ‘அகலமான நிப் கொடுங்கள்’ என்றால் அவர் எதை எடுத்துத் தருவார்?

அதனால் முன்னதற்கு ‘முள் எண்’, பின்னதற்கு ‘முனைப் பருமன்’ என்பது என் கட்சி. நிப்புக்குப் பேனா முள் என்பது பழைய சொல்தான். மலாய்க்காரர்கள் ‘மாத்தா பேனா’ என்கிறார்கள், நாமும் ‘பேனாக்கண்’ என்போம் என்று ஒரு மடல் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முள் கையிலேயே இருக்கும்போது கண்ணைக் கடன் வாங்குவானேன்?

‘முனைத் தடிமன்’ என்பதற்கும் இங்கே ஆதரவு இருந்தது. இங்கே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாண வழி நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “பேனாவுக்குத் தடிமன் என்றால் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்” என்றார். அவர்கள் வீட்டில் தடிமன் என்றால் சளி. சரி, பருமனே இருக்கட்டும்.

> பேசாமல் மில்லிமீட்டரில் சொல்லிவிடலாமே?

இதுதான் வம்பு. எஃப் என்றால் இவ்வளவு என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. கோலாலம்பூர்க் கடைகளில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஜப்பானின் பைலட்டும் ஜெர்மனியின் லாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் எஃப். பைலட் ஏறக்குறைய 0.3, 0.4 மி.மீ. கோடு போடும், லாமி 0.5க்கு மேல் போகும். ஜப்பானிய மொழியின் காஞ்சி (kanji) எழுத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் நெருங்கி நிற்பதால் ஜப்பான்காரர்களுக்கு மெலிந்த முனைதான் சரிப்படும். போதாததற்கு, நிப்புக்கு அடியிலிருந்து மை ஊட்டும் நாக்கட்டை மையைத் தாராளமாக விட்டால் கோடு பெருக்கும். மலிவான பயிற்சிப் புத்தகத் தாளில் மை ஊறி இன்னும் பெருக்கும். முனை மாறவே இல்லை, கோடு மட்டும் மாறுகிறது. ஆகவே தாளில் விழுவதற்குத் தனியாக ‘கோட்டுப் பருமன்’; மில்லிமீட்டர் அதற்கு மட்டும். முனைக்குத் தரப்பெயர் போதும்: ஊசிமுனை, நுண்முனை, இடைமுனை, தடிமுனை. எஃப்புக்கு ‘மென்முனை’ கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். பைலட்டில் எஸ்எஃப் (சாஃப்ட் ஃபைன்) என்று, அழுத்தினால் நெகிழும் நிப் ஒன்று உண்டு. ‘மென்’ அதற்குத் தேவைப்படும்.

நமக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க ‘இஞ்சி’ என்று வழக்கமான அளவில் எழுதிப் பாருங்கள். இகரத்தின் சுழியும் ஞகரத்தின் உள்வளைவும் அடைபட்டுக் கரும்பொட்டாகிவிட்டால் ஒரு படி மெலிந்த முனைக்கு இறங்க வேண்டும். சின்னக் கையெழுத்துக்காரர்களுக்கு ஜெர்மன் இடைமுனையிலேயே இது நடக்கும். கையெழுத்து மட்டும் போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், தடிமுனை அவர்களுக்கென்றே செய்தது.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து

—

மறுமொழி (பினாங்கு):

அண்ணே, முனைப் பருமனுக்கு என் ஓட்டும் உண்டு. ‘இடைமுனை’ மட்டும் இடிக்கிறது. ‘நடுமுனை’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அப்புறம், ‘அகலம்’ என்பதை ஒரேயடியாகத் துரத்திவிடாதீர்கள். எழுத்துக்கலைக்காரர்கள் வாங்கும் பட்டை நிப் இருக்கிறதே, அதில் லாமி 1.1, 1.5, 1.9 என்று மில்லிமீட்டரையே பொறிக்கிறது. அது உருண்டைப் பொட்டு இல்லை, உளிவாய் மாதிரித் தட்டை. மேலிருந்து இழுத்தால் தடித்த கோடு, பக்கவாட்டில் இழுத்தால் மெல்லிய கோடு. அங்கே பருமன் என்றால் எந்தக் கோட்டைச் சொல்வது? பட்டைமுனைக்கு மட்டும் ‘முனை அகலம்’ என்று போட்டு, எண்ணையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடலாம். சம்மதமா?