புதுப்பிப்பு: சிரைவழி ஊட்டத்தில் மீன் எண்ணெய்

குடல் அறுவைக்குப் பின் அப்பாவுக்குச் சிரைவழியாக ஏற்றப்பட்ட வெள்ளைக் கரைசலில் மீன் எண்ணெய் எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. அது சோயா, ஆலிவ் எண்ணெய்களோடும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்போடும் (உடல் விரைவாக ஆற்றலாக்கிக்கொள்ளும் ஒருவகைக் கொழுப்பு) 15 விழுக்காடு மீன் எண்ணெய் சேர்ந்த கலவை என்று மருத்துவர் விளக்கினார். சோயாவில் மிகுந்துள்ள ஒமேகா-6 கொழுப்பிலிருந்து அழற்சியை (உடலில் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையை) தூண்டும் பொருள்கள் உருவாகக்கூடும் என்பதால், அதன் அளவைக் குறைத்து, அழற்சி தணிய உதவும் ஒமேகா-3 கொழுப்பைச் சேர்க்கிறார்களாம். 2020இல் வெளியான, 49 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வில், மீன் எண்ணெய் பெற்றவர்களுக்குத் தொற்று அபாயம் சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. உயிரிழப்பில் மட்டும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாய்வழியாகவோ, வயிற்றுக்கோ குடலுக்கோ செல்லும் குழாய்வழியாகவோ போதிய உணவு கொடுக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு. மீன், முட்டை, சோயா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம். அப்பா கஞ்சி குடிக்கத் தொடங்கிவிட்டதால், சிரைவழி ஊட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள்.