மலை சைக்கிள் பின்சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் போச்சு. எடை குறைவாகவும் அடி தாங்குவதாகவும் ஒரு சக்கரம் சொல்லுங்கள்

மேடுபள்ளம் எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் பாதி வழியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் போனேன். அப்புறம் பின் டயர் ஃபிரேமில் உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் கம்பி ஒன்று முறிந்து தொங்குகிறது. அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பாதி தள்ளியும் பாதி ஓட்டியும் வீடு வந்து சேர்ந்தேன். எட்டு மாதத்தில் இது மூன்றாவது.

நான் 84 கிலோ. பை, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 88. வண்டி 29 அங்குல ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது), முன் ஃபோர்க் அமுங்கும் தூரம் 120 மி.மீ. பூஸ்ட் அளவு ஆக்ஸில்கள், அதாவது முன்னால் 110, பின்னால் 148 மி.மீ. சக்கரங்கள் வண்டியோடு வந்தவை. 28 துளை (அத்தனை கம்பி), ரிம்மின் (வெளி வளையத்தின்) உள் அகலம் 25 மி.மீ., கம்பிகள் தலை முதல் கால் வரை ஒரே தடிமன். கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), பிரேக் டிஸ்க், டயர் எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்தேன். பின்சக்கரம் 1,180 கிராம், முன்சக்கரம் 960. பின் ரிம்மில் இரண்டு இடத்தில் நசுங்கலும் இருக்கிறது. ஒன்று நக அளவு. இன்னொன்றில் கட்டைவிரல் நுனி சௌகரியமாக உட்காரும்.

பெரிய குதியெல்லாம் நான் குதிப்பதில்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் இறங்கித் தள்ளுகிற ஜாதி. ஆனால் பாதை முழுக்க வேரும் கல்லும். ஒரு மணி நேரம் ஏறினால்தான் இறக்கமே வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று ஜோடி 1,500 கிராமுக்குள் வரும் கார்பன். இன்னொன்று 1,900 கிராம் வரும் அலுமினியம். சக்கரத்தில் ஒரு கிராம் குறைத்தால் வண்டியில் ஐந்து கிராம் குறைத்த மாதிரி என்று சொல்கிறார்கள். அதனால் மனசு கார்பன் பக்கம் சாய்கிறது. ஆனால் இவ்வளவு கனமான சக்கரத்திலேயே கம்பியை முறிக்கிறவன், எடை குறைந்ததை என்ன பாடு படுத்துவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

செயின்சத்தம் எழுதியது:

32 துளை, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரை), நல்ல ஹப் (சக்கரத்தின் நடு உருளை). அலுமினிய ரிம். வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

கோட்டமெடுப்பவன் எழுதியது:

எதை வாங்குவது என்பது இருக்கட்டும். முறிந்த மூன்று கம்பியும் எந்தப் பக்கத்துக் கம்பிகள்? கேசட் பக்கமா, டிஸ்க் பக்கமா? எந்த இடத்தில் முறிந்தது? ஹப்பில் மாட்டும் வளைவிலா, நடுவிலா, நிப்பிள் மரையிலா? அதைச் சொல்லாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் செய்யுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, இடது பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக வீணைக் கம்பி மாதிரி சுண்டுங்கள். பிறகு வலது பக்கம். என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். நசுங்கல் விழுந்தபோது டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்பதும் வேண்டும்.

மேடுபள்ளம் எழுதியது:

மூன்றும் டிஸ்க் பக்கம்தான். மூன்றும் ஹப் வளைவில்தான் முறிந்திருக்கின்றன, அச்சடித்தது போல ஒரே இடம். முதல் இரண்டு துண்டுகளையும் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

சுண்டிப் பார்த்தேன். வலது பக்கம் ‘டங் டங்’ என்று ஏறக்குறைய ஒரே சுருதி. இடது பக்கத்தில் நான்கைந்து கம்பி ‘தொப்’ என்கிறது, ஈரத்துணிக் கொடி மாதிரி. அதில் இரண்டின் நிப்பிளை விரலாலேயே திருக முடிகிறது! இது எப்போதிலிருந்து இப்படி என்று தெரியவில்லை. வாங்கியதிலிருந்து நான் கம்பியைத் தொட்டதே இல்லை.

காற்று... சொல்ல வெட்கமாக இருக்கிறது. டியூப் இல்லாமல் மாற்றியதும் பிடிமானம் கூடும் என்று பின்னால் 18 பிஎஸ்ஐ வரை இறக்கியிருந்தேன். டயர் அகலம் 2.25 அங்குலம்.

கோட்டமெடுப்பவன் எழுதியது:

நினைத்தது சரி. உங்கள் சக்கரம் எடையால் சாகவில்லை, தளர்ச்சியால் செத்தது.

கம்பி கல் பட்டு முறிவது அபூர்வம். பெரும்பாலும் களைத்துத்தான் முறியும். தரையைத் தொடும் இடத்தில் ரிம் இம்மியளவு தட்டையாகும். அந்த நேரத்தில் அதற்கு நேர்மேலே இருக்கும் கம்பிகள் சற்றுத் தளரும், உருண்டு மேலே போனதும் மறுபடி இறுகும். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் எட்டாயிரம் தடவைக்கு மேல் தளர்ந்து இறுகுகிறது. ஆரம்பத்திலேயே நல்ல இறுக்கம் இருந்தால் இந்தத் தளர்ச்சி ஒரு பொருட்டே இல்லை. இறுக்கம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி முழுசாகத் தொய்ந்து வெடுக்கென்று இழுபடும். அது போய் நிற்கும் இடம் ஹப் வளைவு. நிப்பிள் தானாகக் கழலுவதும் தொய்யும் அந்தக் கணத்தில்தான்.

ஏன் இடது பக்கம் மட்டும்? பின்னால் கேசட்டுக்கு இடம் விட வேண்டும். அதனால் வலது பக்க ஹப் விளிம்பு நடுக்கோட்டுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டும் என்றால் வலது கம்பிகளை அதிகமாகவும் இடது கம்பிகளைக் குறைவாகவும் இழுத்தாக வேண்டும். நான் கட்டும்போது வலது பக்கம் 115, 120 கிலோ இழுவை வைத்தால் இடது பக்கம் 70, 75 தான் வரும். தொழிற்சாலையில் வலது பக்கத்தையே 90இல் விட்டிருந்தால் இடது பக்கத்தின் கதியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் 1,500 கிராம் கார்பன் வாங்கினாலும் அதை இதே மாதிரி தொளதொளவென்று கட்டியிருந்தால் இதே இடத்தில்தான் முறியும்.

நசுங்கலுக்குக் காரணம் உங்கள் எடை மட்டும் இல்லை, காற்றுதான். 88 கிலோவோடு 2.25 டயரில் 18 பிஎஸ்ஐ என்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. முதலில் 2.4 டயர் போடுங்கள், பின்னால் 25, முன்னால் 22 வையுங்கள். அங்கிருந்து ஒன்றொன்றாக இறக்கிப் பாருங்கள். ரிம்மில் கல் தட்டும் சத்தம் கேட்ட அன்று இரண்டு ஏற்றிவிடுங்கள்.

அந்த ஐந்து கிராம் கணக்கு கட்டுக்கதை. ரிம்மின் ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம் வேகம் எடுக்கும்போது மட்டும் இரண்டு கிராமுக்குச் சமம், அவ்வளவுதான். சீராக ஏற்றத்தில் மிதிக்கும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான். நீங்களும் வண்டியும் சேர்த்து நூறு கிலோ வருவீர்கள் என்று வையுங்கள். சக்கரத்தில் 300 கிராம் குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது பத்துப் பதினோரு விநாடி. தண்ணீர் குடிக்க நின்றாலே போய்விடும். திருப்பத்துக்குத் திருப்பம் வேகம் எடுக்கும் பாதையில் வண்டி துள்ளலாக இருப்பது உண்மை. அந்தச் சுகத்துக்காக வாங்கினால் தப்பே இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எடையை முன்னால் குறைப்பேன், பலத்தைப் பின்னால் வைப்பேன். இரண்டும் ஒரே ரிம்மாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கல்லில் முட்டுவது பெரும்பாலும் பின்சக்கரம். முன்சக்கரத்தைத் தூக்கிக் காப்பாற்ற உங்கள் கையும் ஃபோர்க்கும் இருக்கின்றன. ஹார்ட்டெயிலில் பின்னால் என்ன இருக்கிறது? முன்னால் 28 துளையில் 480 கிராம் ரிம், பின்னால் 32 துளையில் 30 மி.மீ. அகலத்தில் 550, 580 கிராம் ரிம். ரிம்மின் விவரத்தில் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் வகை எண் இருக்கும். 3 என்றால் 61 செ.மீ. வரையிலான தாவலுக்கு, 4 என்றால் 122 செ.மீ. வரை. முழங்கால் உயர ஆளுக்கு 3 போதும், பின்னால் 4 இருந்தால் நிம்மதி.

கம்பி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நடு மெலிந்த கம்பிதான் வேண்டும், இரு முனையும் 2.0, நடுவில் 1.8 மி.மீ. மெலிந்தால் பலம் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. மெலிந்த கம்பி அதே இழுவைக்கு அதிகம் நீளும், ரப்பர் மாதிரி. ரிம் தட்டையாகும்போது அந்த நீட்சியில் கொஞ்சம் குறையுமே தவிர முழுசாகத் தொய்யாது. அசைவை நடுப்பகுதி வாங்கிக்கொள்ளும், வளைவு பிழைக்கும். ஒரு சக்கரத்துக்கு 30 கிராமும் குறைகிறது. எடையும் குறைந்து ஆயுளும் கூடுகிற இடம் சைக்கிளில் வேறு அதிகம் இல்லை. பின்சக்கரத்தின் இடது பக்கத்துக்கு நடுவில் 1.5 இருக்கும் கம்பியைக்கூட நான் போடுவதுண்டு. இறுக்கும்போது முறுக்கிக்கொள்ளும், அதனால் கால் சுற்று அதிகம் திருப்பி அதையே பின்னுக்கு விட வேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

நிப்பிளில் செயின்சத்தம் சொன்னதுதான். அலுமினியம் போட்டால் 20 கிராம் குறையும். நாலு வருஷம் கழித்துக் கோட்டம் எடுக்க நினைத்தால் அரித்துப் போய் சாவியோடு மொழுக்கென்று வரும்.

கார்பன்காரன் எழுதியது:

கார்பனுக்காக ஒருவராவது பேச வேண்டாமா? மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு தடவைகூடக் கோட்டம் எடுக்கவில்லை. அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக நெளியும். கார்பன் நெளியாது. ஒன்று அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் விரியும். போன மழைக்காலத்தில் பின் ரிம் விரிந்தது. வாழ்நாள் உத்தரவாதம் இருந்ததால் புது ரிம் வந்தது, ஆனால் வந்து சேரும்வரை ஐந்து வாரம் வண்டி சுவரில் தொங்கியது. உத்தரவாதத் தாளை முழுசாகப் படிக்காமல் கார்பன் வாங்காதீர்கள். சிலதில் கல்லில் மோதியது சேராது, மலை சைக்கிளுக்கு அதுவே மோசடி மாதிரி.

எடை குறைந்த ரிம் என்றாலே பலமில்லாதது என்ற பயம் மட்டும் வேண்டாம். 1980களில் மலை சைக்கிளுக்கு எடை குறைந்த ரிம்மே கிடைக்காமல், சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர், மாவிக் நிறுவனத்தின் சாலை சைக்கிள் ரிம்மை வெட்டிச் சுருக்கி 26 அங்குலமாகச் சேர்த்தார். அதை வைத்துத்தான் பந்தயமே ஓடினார்கள்.

செயின்சத்தம் எழுதியது:

கார்பனில் 200 கிராம் குறைத்துவிட்டு, ரிம் உடையுமோ என்று தடித்த டயர் போட்டு அதே 200ஐ ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மேடுபள்ளம், ஹப் வாங்கும் முன் கேசட்டின் சின்னப் பல்சக்கரத்தை எண்ணுங்கள். 11 பல் என்றால் பழைய எச்ஜி ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் மாட்டும் பகுதி). 10 பல் என்றால் ஷிமானோவுக்கு மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமுக்கு எக்ஸ்டி (XD). நான் எண்ணாமல் வாங்கிவிட்டு, புது ஹப்பை மேசையில் வைத்து ஒரு மாதம் அழகு பார்த்தேன்.

மேடுபள்ளம் எழுதியது:

எண்ணினேன், 11. எல்லோருக்கும் நன்றி, கோட்டமெடுப்பவன் அண்ணாவுக்குக் கூடுதலாக.

கார்பன் ஆசை இப்போதைக்கு அடங்கிவிட்டது. முன்சக்கரத்தையும் சுண்டிப் பார்த்தேன். டிஸ்க் பக்கம் கொஞ்சம் உச்சமாகவும் மறுபக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் கேட்கிறது, ஆனால் ‘தொப்’ எதுவும் இல்லை. அப்படியென்றால் அதை ஏன் மாற்ற வேண்டும்? பின்சக்கரம் மட்டும் புதிதாகக் கட்டப் போகிறேன். 32 துளை, 36 பல் ரேச்செட் உள்ள டிடி ஸ்விஸ் 350 ஹப், 30 மி.மீ. ரிம், 2.0–1.8 கம்பி, பித்தளை நிப்பிள். காகிதத்தில் கூட்டினால் பழையதைவிட 100 கிராமுக்கு மேல் குறைகிறது. கனமாகத்தான் வரும் என்று மனசைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

ஒரே சந்தேகம். கட்டி முடித்து எத்தனை நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்?

கோட்டமெடுப்பவன் எழுதியது:

முன்சக்கரத்தில் நீங்கள் கேட்டது சரியான சத்தம். முன்னால் டிஸ்க் இருக்கும் இடது பக்கம்தான் இறுக்கமான பக்கம்.

கட்டி முடித்ததும் ஓட்டுவதற்கு முன்பே, ஒரே பக்கத்தில் அருகருகே ஓடும் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்துக் கையுறை போட்ட கையால் நன்றாக அழுத்திப் பிசையச் சொல்லுங்கள். பொட் பொட் என்று முறுக்கு விடும், வளைவும் ஹப்பில் சரியாக உட்காரும். அப்புறம் மறுபடி நேர் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத சக்கரம்தான் முதல் சவாரியிலேயே கோணும். இரண்டாவது அல்லது மூன்றாவது சவாரிக்குப் பிறகு ஒரு தடவை சுண்டுங்கள். தாழ்ந்து ஒலிப்பது ஏதாவது இருந்தால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

மேடுபள்ளம் எழுதியது:

சக்கரம் வந்துவிட்டது. தராசில் 1,045 கிராம். மூன்று சவாரி ஆயிற்று, பின்னால் 25 பிஎஸ்ஐ. நேற்று இரவு சுண்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில், வால்வுக்கு அந்தப் பக்கம் நான்காவது கம்பி மட்டும் கொஞ்சம் தாழ்வாகக் கேட்டது. கால் சுற்று வைத்தேன்.